வெள்ளிக்கிழமை மௌத்து

பசீர் அகமது எலெக்ஷனில் நிற்கப்போவதாகச் சொன்ன அன்று வீட்டுக் குடத்துத் தண்ணீர் இளநீலமாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் ரோஸ். காத்தூன் பீவி அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்து, மறுபடியும் முகர்ந்து பார்த்துவிட்டு வாசலில் கொட்டினாள்.

“கேத்தூனு, நான் நிக்கப்போறேன்” என்றார் உள்ளேயிருந்து.

“எங்கீங்க, ரேசன் கடையிலயா? இன்னைக்குச் சீமெண்ணெய் ஊத்தறதில்லீன்னு மருதம்மா சொல்லீட்டுப் போனாளுங்க.”

“எலெக்ஷன்ல.”

அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை.

ராயபுரத்துக்குப் பின்னால் ஓடைப் பள்ளத்தை ஒட்டி இருந்த அந்த வளவில் பத்துப் பதினைந்து குடும்பங்களுக்கு ஒரே கிணறு. ஊரே வெள்ளைப் பனியன் மட்டும் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தத் தண்ணீர் தேன் மாதிரி இருந்தது. வெளிநாட்டுக்குக் கலர் பனியன் போக ஆரம்பித்ததும் மேற்கே வரிசையாகச் சாயப்பட்டறைகள் வந்தன. பட்டறைக் கழிவு பள்ளத்தில் இறங்கியது, பள்ளத்திலிருந்து கிணற்றுக்குள் ஊறியது. எந்தக் கம்பெனிக்கு என்ன ஆர்டர் ஓடுகிறது என்பதை வளவுப் பெண்கள் வாளியைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

பசீர் அகமதுவும் பட்டறை ஆள்தான். இருபது வருஷம் ப்ளீச்சிங் தொட்டிக்குள் இறங்கித் துணி மிதித்தவர். முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து, கால் நகங்கள் கரைந்து, நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு விசில் சத்தம். மூச்சுப் பிடிக்க முடியாமல் போனபோது முதலாளி ஒரு வேட்டி துண்டு கொடுத்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு வளவு முனையில் பெட்டிக்கடை. கிணற்றுக்காக அவர் கொடுக்காத மனு இல்லை. தாலுகா ஆபீஸ், நகராட்சி, கலெக்டர் என்று அலைந்தார். ஒரு கட்சி வக்கீல் சிவசுப்பிரமணியத்திடம் போனார். “பாத்துக்கலாம் பாய்” என்று மனுவை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார் வக்கீல். அடுத்த முறை போனபோது அதன் மேல் முருகன் படக் காலண்டர் இருந்தது. இன்னொரு கட்சிக்காரரான ஞானசம்பந்தத்திடம் போவதில் அர்த்தமே இல்லை. மேற்கே இருந்த பட்டறைகளில் பெரியது, பசீர் அகமது துணி மிதித்தது, அவருடையது.

அந்த இருவரும்தான் இப்போது சட்டசபைக்கு எதிரெதிராக நின்றார்கள்.

“உங்களுக்கு ஆருங்க ஓட்டுப் போடுவா?” என்றாள் காத்தூன் பீவி.

“ஜெயிக்கறதுக்கா நிக்கறேன்? மனுக் குடுத்தா மடிச்சு ஓரமா வெச்சர்றாங்க. ஓட்டை அப்படி வெக்க முடியாது பாத்துக்க. ஒத்தை ஓட்டா இருந்தாலும் எண்ணித்தான் ஆகோணும். பசீர் அகமதுக்கு இத்தனைன்னு மைக்குல சொல்லித்தான் ஆகோணும். இந்தத் தண்ணிக்கு இத்தனை பேரு அழுகறாங்கன்னு அவிய வாயாலயே சொல்லட்டும்.”

மகன் ஜமால் ஷிப்ட் முடிந்து வந்தபோது செய்தி தெரிந்து வெலவெலத்துப் போனான். அவன் ஞானசம்பந்தத்தின் கம்பெனியில்தான் ஓவர்லாக் டைலர்.

“அத்தா, எங்க மொதலாளி நிக்கறாருங்கத்தா.”

“நிக்கட்டும். நான் அவரை ஒக்காரச் சொல்லலையே.”

“எனக்கு வேலை போயிரும்.”

“போனா வேற கம்பெனி இல்லையா? ஊரு பூராவும் போர்டுதான் தொங்குது, டைலர் தேவை, டைலர் தேவைன்னு.”

ஜமால் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டான். அப்பனும் மகனும் அதற்கப்புறம் நேருக்கு நேர் பேசவில்லை. எல்லாம் காத்தூன் பீவி வழியாகத்தான்.

அடுத்த வீட்டு மருதம்மாள் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துப் போட மட்டும் தெரியும் அவளுக்கு. அதையும் பேனாவை அழுத்திப் பிடித்து நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். பசீர் அகமது குடம் சின்னம் கேட்டார். அதை வேறொரு சுயேச்சை கேட்டுக் குலுக்கலில் வாங்கிவிட்டான். இவருக்குக் குடை கிடைத்தது. மார்கழிப் பனியில் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். பின்னால் மருதம்மாளும் நாலைந்து பெண்களும், கையில் கலர் தண்ணீர் அடைத்த பாட்டில்களோடு. டீக்கடைகளில் “எம்மெல்லே பாய் வந்துட்டாருடோய்” என்று சிரித்தார்கள். சிரித்தவர்களிடமும் நின்று பாட்டிலைக் காட்டினார். “இதுல ஒரு டீ போட்டுக் குடுங்க, குடிக்கறேன்” என்பார். அப்போது யாரும் சிரிக்கவில்லை என்று மருதம்மாள் வந்து சொன்னாள்.

கம்பெனியில் ஜமாலை மிஷினிலிருந்து எழுப்பிப் பிசிறு வெட்ட உட்காரவைத்தார்கள். தைத்து வந்த பனியனில் தொங்கும் நூலைக் கத்திரிக்கிற வேலை. பெண்களும் சிறுபிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து செய்வது. வீட்டுக்கு வந்து அவன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சட்டை முழுக்க ஒட்டியிருந்த நூலைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள்.

“அவர்கிட்டச் சொல்லட்டுமா கண்ணு?”

“சொல்லி என்ன பண்ணப்போற? எம்மெல்லே ஆனதும் எனக்கு மிசினு வாங்கித் தருவாரா?”

தை பிறந்தது. மருதம்மாள் வீட்டுப் பொங்கல் லாரித் தண்ணீரில் பொங்கியது. அது முடிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளுக்கு ஓட்டுக் கேட்கப் போனார் பசீர் அகமது. நாலா பக்கமும் சுத்தியல் அடி. பேசியது யார் காதிலும் விழவில்லை. குரலை உயர்த்தினார். இன்னும் உயர்த்தினார். சட்டென்று இருமல் வந்து, குடையை ஊன்றிக்கொண்டே உட்கார்ந்தவர், வேட்டியில் ரத்தம் கக்கினார்.

சர்க்கார் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ராத்திரிதான் இருந்தார். விடிந்ததும் ஞானசம்பந்தத்தின் கம்பெனி மேனேஜர் தெய்வசிகாமணி வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ்.

“ஏனுங்க பாயம்மா, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? எலெக்ஷன் வேறைங்க, மனுசன் வேறைங்க. மொதலாளி ராத்திரியெல்லாம் தூங்கலீங்க. பாயி எங்க பட்டறையில கெடந்து ஒழைச்ச மனுசன், அவரை இப்படித் தரையில போடறதான்னு என்னைப் புடிச்சு ஏசிப்போட்டாருங்க.”

காத்தூன் பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவசர அவசரமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். தனி ரூம், ஏசி, மூக்கில் மூச்சுக் குழாய், வாசலில் எந்நேரமும் கம்பெனி ஆள் இருவர். பெரிய டாக்டர் காலையிலும் மாலையிலும் வந்தார். ஞானசம்பந்தமே ஒரு தரம் வந்து, கட்டில் ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே ஜமாலை மறுபடி மிஷினில் உட்காரவைத்தார்கள்.

“பாத்தியாம்மா, எங்க மொதலாளிய” என்றான் ஜமால். “அத்தா அவரை எத்தனை பேசுனாரு. மனசுல வெச்சாரா?”

பசீர் அகமது கண்ணைத் திறக்காமலே சிரித்தார். மகன் போன பிறகு மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“கேத்தூனு, எலெக்ஷன் ஆபீசுல குடுத்த காயிதத்துல போட்டிருக்குது. நிக்கறவன் ஒருத்தன் ஓட்டுப்பதிவுக்கு மிந்தி செத்துப்போனா எலெக்ஷனே நின்னுபோயிரும். சுயேச்சையா இருந்தாலும் அதே கதைதான். இப்ப ஞானசம்பந்தத்துக்குக் காத்து நல்லா அடிக்குது. தள்ளிப்போனா வக்கீலுக்குத் தோதாப் போயிரும். அதுக்குத்தான் இந்த ஆப்பிளு.”

அவள் திரும்பி மேசையில் இருந்த பழங்களைப் பார்த்தாள்.

“அப்படின்னா நாம ஊட்டுக்குப் போயிரலாமுங்க.”

“வேண்டாம். எனக்கும் அதான் வேணும். சனிக்கிழமை ஓட்டுப்பதிவு வரைக்கும் மூச்சு ஓடீட்டாப் போதும். பொறகு எண்ணித்தான் ஆகோணும்.”

வியாழக்கிழமை வக்கீல் சிவசுப்பிரமணியம் வந்தார். வாசலில் இருந்த கம்பெனி ஆட்கள் தடுத்தார்கள். நோயாளியைப் பார்ப்பதைத் தடுக்க நீ யார் என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே வந்தார். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை. பசீர் அகமது தூக்கத்தில் இருந்தார். வக்கீல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவ்வளவு இதமாக யாரும் அந்த வாரத்தில் அவளிடம் பேசியிருக்கவில்லை.

“அம்மா, நான் டாக்டரைக் கேட்டுட்டேனுங்க. நெஞ்சு ரெண்டும் போச்சு. இனி இங்க வெச்சிருக்கறது பாவமுங்க. உங்க மொறையில ஊட்டுல வெச்சு, குர்ஆன் ஓதி, சொந்தபந்தமெல்லாம் சுத்தி நின்னு அனுப்பறதுதானுங்க மரியாதை. கீழ எங்க கார் நிக்குது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், தடுக்க ஒருத்தனாலும் முடியாது.”

ஒரு கணம் அவள் மனம் சாய்ந்தது. வீடு, பாய், வளவுப் பெண்களின் குரல், யாசீன் ஓதுகிற சத்தம்.

“கார்ல இந்த மூச்சுக் குழாய் இருக்குமுங்களா?”

வக்கீல் கொஞ்சம் தயங்கினார். “அது இனி எதுக்குங்கம்மா? அவரை வதைக்கறதுதான்.”

“ஊட்டுலயாச்சும் வெச்சுக் குடுப்பீங்களா?”

அவர் கைக்கடிகாரத்தைத் திருகினார். காத்தூன் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“நீங்க போயிட்டு வாங்க, சாமி.”

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள். ஒருவர் இவர் சாகக்கூடாது என்று காவல் காக்கிறார். இன்னொருவர் செத்தால் தேவலை என்று கார் கொண்டுவருகிறார். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜமால் ஜும்மாவுக்குப் போயிருந்தான். பள்ளிவாசலில் தொழுகை முடிகிற நேரம். பசீர் அகமது தண்ணீர் கேட்டார். கரண்டியால் இரண்டு மிடறு ஊற்றினாள். இரண்டாவது மிடறு உள்ளே போகவில்லை, கடைவாயில் வழிந்தது. அவள் புரிந்துகொண்டு காதருகே குனிந்து கலிமாவைச் சொன்னாள். அவர் உதடு கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. நெஞ்சிலிருந்த விசில் சத்தம் நின்றது. எத்தனையோ வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள் அவள். அது நின்றதும் ரூமே வேறு ரூம் மாதிரி ஆகிவிட்டது.

அழுகை வருவதற்குள் ஒரு ஆறுதல்தான் முந்தி வந்தது. வெள்ளிக்கிழமை மௌத்து. நூறு பேரில் ஒருவருக்குக் கிடைக்கிற பாக்கியம், கப்ருக் குழியிலே வானவர்கள் கேட்கிற கேள்வி இலேசாகும் என்பார்கள். வாழ்நாள் பூராவும் தொட்டித் தண்ணீரில் நின்ற மனுஷனுக்கு ஆண்டவன் கடைசியில் ஒன்று கொடுத்துவிட்டான்.

நர்ஸ் வந்தாள், டாக்டர் வந்தார், அவர்களுக்குப் பின்னாலேயே தெய்வசிகாமணி வந்து கதவைத் தாழ்போட்டார். டாக்டரும் அவரும் ஜன்னலோரம் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஊசித் தண்ணீர் பாட்டிலை யாரும் கழற்றவில்லை.

காத்தூன் பீவி கண்களை மூடிவிட்டாள். வாய் திறந்திருந்தது. துப்பட்டி ஓரத்தைக் கிழித்து, தாடையைச் சேர்த்துத் தலைக்கு மேல் கட்டப் போனாள்.

“அதைக் கட்டாதீங்கம்மா” என்றார் தெய்வசிகாமணி.

“என்னுங்க?”

“ஆராச்சும் எட்டிப் பாத்தாத் தெரிஞ்சுபோயிருமுங்க. நாளைக்குக் காத்தால எட்டு மணிக்கு ஓட்டுப்பதிவு ஆரம்பிக்குது. அது வரைக்கும் பாயி இருக்காருன்னே இருக்கட்டும்.”

“நாளைக்கா? இப்பக் குளிப்பாட்டி இன்னைக்கே அடக்கம் பண்ணோணுமுங்க. மையத்தை வெச்சிருக்கக்கூடாதுங்க எங்க மொறையில.”

“தெரியுமுங்கம்மா. எல்லாம் மரியாதையாப் பண்ணிரலாம்.” அவர் ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். “ஆனா நீங்க ஒண்ணை யோசிக்கோணும். இப்ப வெளிய சொன்னா எலெக்ஷன் நின்னுபோயிரும். ரெண்டு மாசமோ மூணு மாசமோ கழிச்சுப் புதுசா நடத்துவாங்க. அந்த ஓட்டுச் சீட்டுல பாயி பேரு இருக்குமுங்களா? குடை இருக்குமுங்களா? அவர் நடந்த நடையெல்லாம் எதுக்குங்க? அவருக்கு விழுவற ஓட்டை எண்ணோணும்னுதானே உசுரைக் கையில புடிச்சிட்டிருந்தாரு?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தன்னிடம் மட்டும் சொன்னதாக நினைத்த சொல்லை இந்த மனிதர் எப்படிச் சொல்கிறார்? வாசலில் இருந்தவர்கள் கேட்டிருக்கவேண்டும். ஆனால் சொல் உண்மைதான். மேனேஜர் வாயிலிருந்து வந்ததனால் பொய்யாகிவிடாது.

ஜமால் ஜும்மா தொப்பியோடு வந்து கட்டிலைக் கட்டிக்கொண்டு அழுதான். தெய்வசிகாமணி அவன் வாயைப் பொத்தி, தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது அவன் அழுகை அடங்கியிருந்தது.

“அம்மா, அத்தா பேரு சீட்டுல இருக்கோணும்மா” என்றான். “அத்தாவுக்காவ.”

சாயந்தரம் அஸர் தொழத் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனாள். கம்பெனி ஆள் ஒருவன் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தான். ஆஸ்பத்திரி கேட்டில் வக்கீலின் ஆட்கள் வெயிலென்று பாராமல் நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒருவன் ஓடி வந்தான்.

“ஏனுங்கம்மா, பாயி எப்படி இருக்காருங்க?”

அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும். சொன்னால் இன்னும் ஒரு மணி நேரத்தில் பசீர் அகமது வீட்டுக்குப் போய்விடுவார், பொழுதடைகிற மஃரிபுக்குள் மண்ணுக்குப் போய்விடுவார், வெள்ளிக்கிழமை மௌத்து என்று ஊர் சொல்லும். சொல்லாவிட்டால் நாளை ஓட்டு நடக்கும், அவரை எண்ணுவார்கள்.

“தூங்கறாருங்க” என்றாள்.

அன்றிரவு அவள் ரூமை விட்டு வெளியே வரவில்லை. குளிரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்த சூராக்களை உதட்டுக்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தாள். சத்தமாக ஓதினால் வெளியே கேட்குமாம்.

சனிக்கிழமை எட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து, புதிதாகப் பார்ப்பவர் மாதிரி நாடி பார்த்து, சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். தேதி சனிக்கிழமைத் தேதி. பெரிய காரில் கொண்டுவந்தார்கள்.

குளிப்பாட்ட வந்தவர் நஸ்ருதீன் லெப்பை. நாற்பது வருஷமாக அந்த மஹல்லாவில் மையத்துக் குளிப்பாட்டுகிற கை. மறைப்புக்குள்ளிருந்து கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து ஜமாலைத் தனியாக அழைத்தார். கதவுக்குப் பின்னால் இருந்த காத்தூன் பீவிக்குக் கேட்டது.

“தம்பி, எப்ப மௌத்தானாருன்னு சொன்னே?”

“காத்தாலைங்க. எட்டு மணிக்கு மேல.”

“வாய் மூட மாட்டேங்குதே. ஒடம்பு வெறைச்சுக் கெடக்குது. இது காத்தால போன மையத்து இல்லையே.”

லெப்பை அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அல்லா பாத்துக்குவான்” என்று உள்ளே போனார்.

மத்தியான ளுஹர் தொழுகைக்குப் பின் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். வளவு ஆண்கள், பட்டறை ஆட்கள், டீக்கடைக்காரர்கள் எல்லோரும் தோள் கொடுத்தார்கள். ஜன்னல் சந்தில் காத்தூன் பீவிக்குத் தெரிந்ததெல்லாம் சந்தூக்கைப் பிடித்த கைகள்தான். எல்லா இடதுகை விரல்களிலும் மை. புதிதாக, ஈரம் காயாத கறுப்பு. அவள் மனம் அந்த வேளையிலும் ஒவ்வொரு விரலாகப் பார்த்து, இது குடையில் குத்தியிருக்கும், இதுவும் குத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டது. மை இல்லாதது ஜமால் விரலும் அவள் விரலும்தான்.

திங்கட்கிழமை எண்ணினார்கள். ஞானசம்பந்தம் ஜெயித்தார். பள்ளத்தின் அந்தக் கரையில் வெடிச் சத்தம் ஓயவே இல்லை. பசீர் அகமதுவுக்குத் தொகுதி முழுக்க எழுபத்துநான்கு ஓட்டு. இத்தனை குடும்பம் இருக்கிற வளவிலேயே ஒரு கை விரலுக்குள் அடங்கிப்போயிற்று.

மருதம்மாள் வந்து கதவோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“நீயாச்சும் போட்டயா மருதம்மா?”

“பாயம்மா, என்னைச் செருப்பால அடிங்க. நான் காத்தால மொத ஆளாத்தானுங்க போனேன். பள்ளிக்கூடத்து வாசல்லயே கம்பெனிக்காரங்க மேசை போட்டு உக்காந்திருந்தாங்க. ‘பாயி போய்ச் சேந்துட்டாரு, செத்தவருக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதீங்க, மொதலாளிதான் பாயைக் கடைசி வரைக்கும் வெச்சுப் பாத்தாரு, அந்த விசுவாசத்துக்கு இங்க போடுங்க’ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா சொன்னாங்க. நான் அங்கயே உக்காந்து அழுதேனுங்க. அழுதுபோட்டு உள்ள போயி... என்ன பண்றேன்னே தெரியாம...”

“எத்தனை மணிக்குச் சொன்னாங்க?”

“கதவு தொறந்த ஒடனேங்க.”

டாக்டர் அப்போது சர்டிபிகேட்டைக்கூட எழுதியிருக்கமாட்டார்.

துக்கம் கேட்க வந்த பெண்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒருத்தி அவள் கையைத் தடவிக்கொண்டே, “நல்ல மனுசன். ஒரே ஒரு நாளு மிந்திப் போயிருந்தா வெள்ளிக்கிழமை மௌத்து கெடைச்சிருக்கும். அதுக்கும் கொடுப்பினை வேணுமில்ல” என்றாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று பெருமூச்சு விட்டார்கள். காத்தூன் பீவி எழுந்து உள்ளே போய், சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். ராத்திரியெல்லாம் அவள் தேற்றிக்கொள்ள வைத்திருந்தது அந்த ஒன்றுதான். அதையும் தன் வாயாலேயே கொடுத்துவிட்டிருந்தாள்.

கணவனை இழந்தவள் இத்தா இருக்கிற காலம். அன்னிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. மாசி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் சிவசுப்பிரமணியம் குமாஸ்தாவோடு வந்தார். லெப்பை சொன்னது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. முன் அறையில் நாற்காலியில் அவர். திரைக்குப் பின்னால் காத்தூன் பீவி. நடுவே நிலைப்படியில் ஜமால், முகம் வெளுத்துப்போய்.

“அம்மா, பெரிய அநியாயம் நடந்திருக்குதுங்க. மெட்ராஸ் கோர்ட்டுல கேஸ் போட்டு இந்த எலெக்ஷனையே செல்லாதுன்னு ஆக்கிருவேன். நீங்க உண்மையைச் சொன்னாப் போதும். அவர் என்னைக்குங்க மௌத்தானாரு?”

“அம்மா, வேண்டாம்மா” என்றான் ஜமால் கிசுகிசுப்பாக. “என்னை சூப்ரவைசர் ஆக்கியிருக்காங்கம்மா.”

“எழுதுங்க” என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல். “வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடியற நேரம். கலிமா சொல்லிக் குடுத்து என்ர மடியில உசுரு போச்சு.”

வக்கீலின் பேனா வேகமாக ஓடியது. அவள் ஒன்றையும் விடவில்லை. தாழ்போட்ட கதவு, கட்டவிடாத தாடை, டாக்டர் மறுநாள் நாடி பார்த்தது. கேட்டில் நின்ற ஆளிடம் தூங்குகிறார் என்று தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். ஜமால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“போதுமுங்கம்மா, இது போதும்” என்றார் வக்கீல். குரலில் சந்தோஷம் அடங்கவில்லை.

“இன்னும் இருக்குதுங்க, எழுதுங்க. அதுக்கு மொத நாளு வியாழக்கிழமை. வக்கீல் சிவசுப்பிரமணியம் வந்தாரு. மூச்சுக் குழாயைக் கழட்டிக் கார்ல கொண்டு போயிரலாம்னு சொன்னாரு. அப்படிப் போனா எங்கூட்டுக்காரர் எலெக்ஷனுக்கு மிந்தியே செத்துப்போவாருன்னு அவருக்குத் தெரியும்.”

பேனா நின்றது. குமாஸ்தா வக்கீல் முகத்தைப் பார்த்தான்.

“அது இந்தக் கேசுக்குத் தேவையில்லீங்கம்மா.”

“உண்மையைச் சொல்லச் சொன்னீங்க.”

“எது கேசுக்கு வேணுமோ அதை மட்டும் சொன்னாப் போதுமுங்க. கோர்ட்டுல எல்லாத்தையும் கொட்டக்கூடாது.”

“அவரை அவிய சாவ விடலை. நீங்க பொழைக்க விடலை. நான் ஒண்ணைச் சொல்லி ஒண்ணை முழுங்குனா மறுபடியும் தூங்கறாருன்னு சொன்ன மாதிரிதானுங்க ஆகும். கூண்டுல ஏத்துனா ரெண்டையும் சொல்லுவேன். எனக்கு எம்மெல்லே ஆரு வந்தாலும் ஒண்ணுதான். அவரு வெள்ளிக்கிழமை போனாருன்னு சர்க்கார் காயிதத்துல இருக்கோணும். அவ்வளவுதானுங்க எனக்கு.”

வெளியே மருதம்மாள் கிணற்றில் வாளி விடுகிற சத்தம் கேட்டது. வக்கீல் எழுதிய தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“யோசிச்சுச் சொல்லி அனுப்பறேனுங்க.”

சொல்லி அனுப்பவில்லை. கேஸ் போடுவதற்கான நாளும் கடந்துபோயிற்று. வைகாசியில் நடந்த ஒரு கல்யாண வரவேற்பில் வக்கீலும் ஞானசம்பந்தமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததை ஜமால் பார்த்துவிட்டு வந்தான். மனசில் இருந்த பாரம் இறங்கினவன் மாதிரி அதை அவன் அம்மாவிடம் சொன்னான்.

“எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணும்மா. நல்லவேளை, நீ கோர்ட்டுக்குப் போகலை.”

அவள் தூக்குப் போசியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வெளுத்த சட்டையும் சட்டைப் பையில் பேனாவுமாக, சூப்ரவைசராக நின்றான். கம்பெனி வேன் சந்து முனையில் ஹாரன் அடித்தது.

“கண்ணு.”

“என்னம்மா, வேன் வந்துருச்சு.”

“வருசப் பாத்திஹா ஓதறதுக்கு இப்பவே லெப்பைகிட்டச் சொல்லி வெக்கோணும். அத்தா என்னைக்கு மௌத்தானாரு?”

ஜமால் அவளைப் பார்த்தான். வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

“சனிக்கிழமைம்மா” என்றான்.

காத்தூன் பீவி போசியின் மூடியை அழுத்தி மூடி அவன் கையில் கொடுத்தாள்.